விஜயதசமி மெயின் சுவிட்ச்

முதலாளி தங்கச்சாமி மெயின் சுவிட்சில் கை வைத்தபோதுதான் எழிலுக்கு அது நினைவு வந்தது.

சிவகாசியில் அந்த அச்சகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் எழில். முன்பெல்லாம் புதுப் பெட்டி வந்தால் ஒவ்வொன்றுக்கும் சிடி போட்டு, சாஃப்ட்வேர் ஏறும்வரை கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். மண்டையை உடைத்துக்கொண்டு அந்தச் சள்ளையை ஒழித்திருந்தாள். இப்போது பெட்டியை நெட்வொர்க்கில் மாட்டிக் கரண்ட் கொடுத்தால் போதும். மூலையில் இருக்கும் இன்னொரு பெட்டி கட்டளை அனுப்பும்; உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் தானாகப் புதிதாக ஏற்றிவிடும். ஏற்றி முடிந்ததும், "இனி இதைத் தொடாதே" என்று மூலைப் பெட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அணைத்து எழுப்பும்போதெல்லாம் மறுபடி துடைத்துவிடும். எல்லாவற்றுக்கும் சொன்னவள் டிசைன் சர்வருக்கு மட்டும் சொல்ல மறந்தாள், பாவி மகள்.

2009 காலண்டர் டிசைன் அத்தனையும் அதில்தான் இருந்தன. நகல் எடுக்கிற வேலை, சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ராப்பகலாக ஓடும் சர்வர்; நேற்றுவரை அணைக்காததால் அந்த மறதி வெளியே தெரியவில்லை. ஆயுத பூசைக்கு நேற்று எல்லாவற்றையும் அணைத்துச் சந்தனம் வைத்திருந்தார்கள். நல்ல நேரத்தில் முதலாளி சுவிட்சைப் போட, எல்லாம் ஒன்றாக எழ வேண்டும் என்பது வழக்கம்.

மூலைப் பெட்டி, பூசைக்கு நின்ற கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது, நுழைந்து போக வழியில்லை. சுபகாரியத்தின் நடுவே வேண்டாம் என்று வாய் திறந்தால் யார் பொறுப்பார்கள்? வேலை போகும். திறக்காவிட்டால் டிசைனும் போகும், வேலையும் போகும்.

"ஏத்தா, ஒனக்கு என்ன இப்படி வேர்க்குது?" என்றாள், திருநீற்றுத் தட்டோடு பக்கத்தில் நின்ற வெள்ளைத்தாய். அச்சகத்தைக் கூட்டிப் பெருக்குபவள்.

முதலாளியின் கை அசைந்தது.

"அண்ணாச்சி, போடாதீக!"

குரல் கீச்சென்று வந்தது. அவர் கையை வெடுக்கென்று எடுத்தார். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. எழில் திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டம் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. திருநீறு தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. அவர்களில் பாதிப் பேர் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர்கள். முதலாளியே அங்கே லோடு ஏற்றி வளர்ந்தவர்தான். அங்கெல்லாம் யாராவது அப்படிக் கத்தினால் முதலில் ஓட வேண்டும். உயிரோடு இருந்தால் காரணம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆளில்லாத அறையில் எழில் மூலைப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். காலண்டர் தப்பியது. முகத்தைக் காட்டக் கூசிக்கொண்டே வெளியே போனாள்.

தெருவில் முதலாளி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழில் எங்கப்பா? அந்தப் பிள்ளையைக் காணமே" என்றவர், அவளைக் கண்டதும் தோளைப் பிடித்துக்கொண்டார். "என்ன தாயி, அங்கன புகை கெளம்பிச்சா?"

"இல்ல அண்ணாச்சி. சுவிச்சப் போட்டா டிசைன் பூராவும் அழிஞ்சிருக்கும். என் தப்புதான். ஒயரப் பிடுங்கிட்டேன், இனிப் போடலாம்."

அவர் வையவில்லை. "வெறும் கம்ப்யூட்டருதானா" என்று மூச்சு விட்டார். "ஆளுக்கு ஒண்ணுமில்லையே, அது போதும்."

வெள்ளைத்தாய் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழில் குனிந்து, "மன்னிச்சிரு அக்கா, பயங்காட்டிட்டேன்" என்றாள்.

"நீ நல்லாத்தான் கத்துன தாயி" என்றாள் வெள்ளைத்தாய். "எம்மக ரோஜா, பட்டாசுக் கம்பெனி வெடிச்சுச் செத்துப்போன அன்னைக்கு, இப்படிக் கத்த ஒருத்தரும் இல்லாமப் போயிட்டாகளே."

நல்ல நேரம் முடிந்திருந்தது. சுவிட்சைப் போட ஒருவரும் உள்ளே போகவில்லை.