எட்டும் உயரம்

ஜன்னலுக்கு வெளியே நின்று, இரண்டு வாழைக் கன்றுகளையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பிடித்தாள் அவள். உள்ளே கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்த கணவர் கண்களைச் சுருக்கிப் பார்த்தார்.

“இது செவ்வாழை, அது குட்டை வாழை. செவ்வாழையே வைக்கச் சொல்லவா?”

மூச்சு வந்து சேர அவர் காத்திருந்தார். குழி வெட்டி முடித்த நாற்றுக்காரர் மண்வெட்டியில் சாய்ந்து நின்றார்.

இன்னும் கொஞ்ச நாள்தான் என்று டாக்டர் அவளிடம் சொல்லிப் பத்து நாளாகிறது. வெறும் நெஞ்சுச்சளி என்றே அவளும் மகளும் அவரிடம் சொல்லிவந்தார்கள். செவ்வாழை குலை தள்ளி முற்ற ஒன்றரை வருடம் பிடிக்கும். அதனாலேயே அதை முன்னால் நீட்டினாள். பிழைத்திருக்கப் போகிறவரிடம்தானே அப்படியொரு கன்றைக் காட்டுவார்கள்.

“குட்டையை வை.”

“இருபது வருஷமா செவ்வாழை, செவ்வாழைன்னு என் உயிரை வாங்கினீங்க. இப்ப குட்டையா?”

“செவ்வாழை ரெண்டாள் உயரம் போகும். குலை வெட்டணும்னா ஒருத்தர் மரத்தைச் சாய்க்கணும், ஒருத்தர் தாங்கணும்.”

“ஐயா சொல்றது சரிம்மா,” என்றார் நாற்றுக்காரர். “தனியா வெட்டப் போனா குலை நம்ம தலையிலதான்.”

“அதான் ரெண்டு பேர் இருக்கோமே.” அவள் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

அவர் சிரிக்கப்போய் இருமினார். நாற்பது வருடம் தையல்காரராக இருந்தவர். அவள் உடுத்தியதெல்லாம் அவர் அளவெடுத்துத் தைத்தவை.

“உன் கை நீளம் எனக்குத் தெரியாதா? குட்டைதான் உனக்கு எட்டும்.”

உனக்கு.

கன்றுகளைக் கீழே வைத்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டுவிடலாம் போலிருந்தது. கேட்டால் அவர் சொல்லிவிடுவார்.

“சரி,” என்றாள். “குட்டையே வைக்கிறேன்.”

நட்டு, மண்ணை அணைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு அவள் உள்ளே வந்தபோது அவர் முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. “என்னங்க,” என்று ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை.

மாலையில் மகள் வந்தாள். அழுது ஓய்ந்து, அம்மாவை ஒட்டி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் எதுவும் தெரியாதுல்லம்மா?”

வாசலில் யாரோ நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“தெரியாது.”

“அந்த மட்டும் நல்லதும்மா.” மகள் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அந்தத் தோள் அசையாதபடி, நகத்தடியில் காய்ந்திருந்த மண்ணை ஒவ்வொரு விரலாக அவள் கீறி எடுக்க ஆரம்பித்தாள்.