இத்தா வீட்டுக் குதிரை

குதிரையைப் பிடிக்கப் போன கலந்தர் அன்றைக்கும் வெறுங்கையோடுதான் வந்தான். வெறுங்கை என்றும் சொல்லிவிட முடியாது. கையில் கயிறு இருந்தது, தொடையில் குதிரை உதைத்த வீக்கம் இருந்தது, வாயில் பெண்கள் முன்னால் சொல்லத்தகாத வார்த்தைகள் இருந்தன. வார்த்தைகளில் பாதியை வரும் வழி ஒழுங்கையிலேயே துப்பிவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டு, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

திரைக்கு அந்தப் பக்கம் அவனுடைய மதினி சபியா உம்மா வெள்ளை உடுத்து இருந்தாள். அவள் கணவன், கலந்தர் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் அச்சிமுகம்மது, மௌத்தாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து முடியும்வரை அந்நிய ஆண்களின் கண்ணில் அவள் படக்கூடாது. கணவனின் தம்பியும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

"ஏலா மதினி. நாலு பேர் சுத்தி வளைச்சுப் பாத்தம். கிட்டப் போனா தள்ளிப் போகுது, நிண்டா நிக்கிது, என்னமோ நம்மளப் பாத்து விளையாடுற மாதிரி. நலமடிச்ச எருதெண்டா சின்னப் பொடியனும் சாய்ச்சிக்கு வருவான். இதுக்கு எங்கிருந்து இவ்வளவு கொழுப்பு?"

கலந்தர் தொடை வீக்கத்தைத் தடவிக்கொண்டான்.

"காக்காட கொரலுக்கு மட்டுந்தான் அது வரும். அவர் போயிட்டார், இனி அது ஆருக்கும் வராது. நாளைக்கு வெள்ளிக்கிழம. விதைப்புத் தொடங்கப் போகுது, நாளையோட மாடுகண்டு எல்லாம் வயல்வட்டைய விட்டு வெளிக்கிட வேணுமெண்டு வட்டவிதானையார் முடிவாச் சொல்லிட்டார். விதைச்ச வயலுக்க இருட்டுக்க நிண்டா, காட்டுப்பண்டியெண்டு நினைச்சிச் சுட்டுப்போடுவானுகள்."

"பாப்பம் தம்பி" என்றாள் சபியா உம்மா. அவளுக்கு அலுப்பாக இருந்தது. அழுகைகூட வராத அலுப்பு. கணவன் மௌத்தான அன்றைக்கு ஊரே ஒப்பாரி வைத்தது. இவள் மட்டும் சுவரில் சாய்ந்தபடி, வந்தவர்களுக்கெல்லாம் இருக்கப் பாய் போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்காக அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று இரண்டொருவர் பேசியதும் அவள் காதில் விழாமல் இல்லை.

அந்தக் குதிரை வந்த கதையே ஒரு கூத்து. அச்சிமுகம்மது மருதமுனையில் நெய்த சாரன்களைக் கட்டி எடுத்துக்கொண்டு மலைநாட்டுக்கு வியாபாரம் போகிறவர். அரசாங்கம் தேயிலைத் தோட்டங்களை எடுத்த காலத்தில், சீமைக்குப் புறப்பட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவன் தன் குதிரையை யாரிடமாவது தள்ளிவிடப் பார்த்திருக்கிறான். சாரன் விற்கப் போன மனிதர் குதிரையோடு கல்முனையில் வந்து இறங்கினார். மண்ணிறம், நெற்றியில் வெள்ளை, நடையில் ஒரு மிடுக்கு. பெயரும் துரை என்றே வைத்தார். குட்டி போட வைத்து விற்றுப் பணக்காரன் ஆவது அவருடைய யோசனை. பொத்துவிலுக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் பெண் குதிரை ஒன்றுகூட இல்லை என்பது அவருடைய மூளைக்கு எட்டவில்லை. அதையும் விடுங்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "காக்கா, இது விதையெடுத்த சாமானெல்லோ" என்றார். ஒழுங்கை முழுவதும் சிரித்தது. சபியா உம்மா அடுப்படிக்குள் போய் நின்று தனியாகச் சிரித்தாள். பிறகு ஐந்து வருடம் அதற்குத் தவிட்டுத் தண்ணீர் கரைத்தவளும் அவள்தான். குதிரையின் பேரில் புருசனோடு அவள் சண்டை பிடிக்காத மாதம் இல்லை.

அச்சிமுகம்மது தோற்றதாகக் காட்டிக்கொள்கிற ஆள் அல்ல. சின்ன வண்டி ஒன்று செய்து பூட்டி, நூல் மூட்டையும் சாரன் கட்டும் ஏற்றினார். காலையில் வேலை முடிந்ததும் குதிரையை வட்டையில் மேயவிடுவார். பின்னேரம் அசர் தொழுதுவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "இவனப் பிடிக்க என்னால மட்டுந்தான் ஏலும். என்ட ஒரு சத்தம் காணும்" என்று சந்தியில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார். ஊர் அதை நம்பியது. கலந்தர் இன்றைக்கும் நம்புகிறான்.

சபியா உம்மாவுக்கு உண்மை தெரியும். அடுப்படி வாசலில் இருந்து ஒவ்வொரு நாளும் பார்த்தவள் அவள். முதலில் குதிரை தன்பாட்டில் வரும். வாய்க்காலைத் தாண்டி, பின்வேலிக் கடப்பால் நுழைந்து, கிணற்றடியில் அவள் வைத்த சட்டிக்குள் முகத்தைப் போடும். அது பாதிச் சட்டியைக் குடித்து முடிக்கிற நேரத்தில் அவர் பின்னால் வருவார். வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அவிழ்க்காத கயிறு தோளில் கிடக்க, தானே பிடித்து வந்தவர் மாதிரி. அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. குதிரை நுழைந்தவுடன் கேத்தலை அடுப்பில் வைப்பாள். அவர் வந்து கால் கழுவத் தேத்தண்ணியும் சரியாக இருக்கும்.

கலந்தர் போனபின் அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிட்டு அது வந்ததில்லை. அப்படியானால் அவர் போனதற்காக அது ஏன் வராமல் இருக்க வேண்டும்?

கலந்தரும் கூட்டாளிகளும் அதை எருதாக நினைத்தது முதல் பிழை. நலமடித்த, அதாவது விதையெடுத்த எருது நுகத்துக்குப் பழகினது, பக்கத்தில் சோடி மாடு இருக்கும், பின்னால் நின்று தட்டினால் போகும். விதையோடு இருக்கிற கடுவன் குதிரை என்றால் பெண் குதிரையைத் தேடி ஓடியிருக்கும், அதுவும் விளங்கும். துரைக்குச் சோடியும் இல்லை, தேடிப் போக எதுவும் இல்லை. அதற்கு இருப்பது வந்த வழியும் அந்த நேரமும் தவிட்டுச் சட்டியும்தான். அப்படிப்பட்ட பிராணி வீட்டை மறந்து காட்டு மிருகம் ஆகிவிட்டது என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

"றுகையா" என்று மகளைக் கூப்பிட்டாள். இத்தா முடியும்வரை தாயோடு வந்து இருக்கிற ஒரே மகள். "பின்வேலிக்கு அங்கால போய்ப் பாத்திட்டு வா மகள்."

"என்னத்தப் பாக்க?"

"போய்ப் பாரன்."

பின்வேலி கலந்தரின் கைவேலை. எழுபத்தெட்டுச் சூறாவளி தென்னைகளோடு வேலியையும் கொண்டுபோனது. முன்பக்கத்தை எப்படியோ அடைத்த அச்சிமுகம்மது, பின்பக்கத்தில் ஒரு பாகத்தை நாளைக்கு அடைப்போம், நாளைக்கு அடைப்போம் என்று இரண்டு வருடம் விட்டுவைத்தார். அந்த ஓட்டைதான் குதிரைக்குக் கடப்பு ஆகியிருந்தது. மௌத்து வீட்டுச் சன நெருக்கடியில் யாரோ குதிரையை வட்டைப் பக்கம் விரட்டிவிட்டார்கள். இத்தா இருக்கிற வீடு திறந்து கிடக்கலாமா என்று, கலந்தர் கோமாரி ஊரில் இருந்து புதுத் தென்னங்கிடுகு இறக்கி, மறுநாளே இரட்டை அடைப்பாகக் கட்டி முடித்தான். ஒரு காகம்கூட உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. தானே அந்த வேலியைப் பற்றிப் பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்லியிருந்தான்.

றுகையா திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உம்மா, வேலியோட ஒட்டிக் குதிர லத்தி கெடக்கு. காய்ஞ்சதும் கெடக்கு, நேத்தயதும் கெடக்கு. கிடுகில முகத்த உரசி உரசி ஒரு இடம் மழுங்கிப் போய்க் கெடக்கு. மண்ணிற மயிரும் ஒட்டியிருக்கு."

சபியா உம்மா எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்து பின்வேலியைப் பார்த்தாள். பின்னேரங்களில் வேலிப்பக்கம் கேட்ட பெருமூச்சை மாடு என்று நினைத்து அவள் உள்ளறையிலேயே கிடந்தது ஞாபகம் வந்தது. இரண்டு மாதமாக அது வந்திருக்கிறது. வந்து, அவளுக்காகக் கட்டிய வேலிக்கு முன்னால் நின்று, திரும்பிப் போயிருக்கிறது. பகலில் நாலு ஆண்கள் அதைக் கயிறோடு துரத்தியிருக்கிறார்கள். அவளுக்குக் குதிரையின் மேல் பாவமும் கலந்தரின் மேல் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

றுகையாவை அனுப்பிச் சாச்சாவிடம் கேட்கச் சொன்னாள். அந்த ஒரு பாகத்தை மட்டும் பிரித்துவிட்டால் போதும், குதிரை தானாக வரும். கலந்தர் கேட்டுவிட்டுச் சிரித்தானாம். பிறகு கோபப்பட்டானாம். "இத்தா வீட்டு வேலியப் பிரிக்கிறதா? நாளைக்கு ஊர் என்ட முகத்திலெல்லோ துப்பும். ஒரு நலமடிச்ச குதிரைக்காக ஒங்கட வாப்பாட மானத்த விக்கச் சொல்றீங்களா? நாளைக்கு இன்னும் ரெண்டு பேரோட போய்ப் பாக்கிறன், கிடைச்சாக் கிடைக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலையில் ஆறு பேர் போனார்கள். மத்தியானம் ஜும்ஆவுக்கு ஆறு பேரும் வெறுங்கையோடு வந்தார்கள். வட்டையில் இருந்த மாடுகள் எல்லாம் கூட்டம் கூட்டமாக மேற்கே காட்டுப்பக்கம் போய்விட்டன. குதிரை மட்டும் தனியாக நின்றது.

அசர் பாங்கு சொன்னது. ஆண்கள் பள்ளிக்குப் போயிருப்பார்கள். சபியா உம்மா தொழுது முடித்து, அடுப்படியில் இருந்த மீன் வெட்டும் கத்தியை எடுத்தாள்.

"உம்மா, நான் வெட்டுறன், நீங்க உள்ள இருங்க" என்றாள் றுகையா.

"வேணாம். ஒன்ன சாச்சா ஏசுவார். என்ன ஏசினா நான் திரைக்கு உள்ளுக்க இருந்து கேட்டுக்குவன். நீ தவிடு கரை. உப்புப் போட மறந்திராத."

தும்புக்கயிறு புதியது, இலேசில் அறுபடவில்லை. இரண்டு மாதம் வெயில் படாத கை, கட்டுகளை அறுப்பதற்குள் கன்றிப்போனது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். இந்த மனிசன் இருக்கிறபோதும் எனக்கு வேலை, போனபிறகும் எனக்கு வேலை என்று வாய்விட்டே சொன்னாள். கிடுகுகள் சரிந்து விழ, வாய்க்காலும் அதற்கப்பால் உழுது கிடந்த வட்டையும் தெரிந்தன. ஆள் நடமாட்டம் இல்லை. மறைப்பதற்காகப் பழைய பாய் ஒன்றைக் கையில் எடுத்து, ஓரத்தில் ஒதுங்கி நின்றாள்.

அதிக நேரம் ஆகவில்லை. துரை வாய்க்கால் கரையில் வந்து நின்றது. விலா எலும்பு தெரிந்தது. திறந்து கிடந்த இடத்தைப் பார்த்து, காதை முன்னும் பின்னும் ஆட்டி, யோசித்தது. சபியா உம்மா கூப்பிடவில்லை, கையை நீட்டவில்லை, அதன் முகத்தைக்கூட நேரே பார்க்கவில்லை. அது தண்ணீரில் இறங்கி ஏறி, அவளை உரசினாற்போல் கடந்து, கிணற்றடிக்குப் போய்ச் சட்டிக்குள் முகத்தைப் போட்டது. றுகையா கொட்டில் கயிற்றை எடுத்துக் கழுத்தில் மாட்டியபோதும் அது தலையை உயர்த்தவில்லை.

இனிப் பாயைக் கட்டிக் கடப்பை மூட வேண்டியதுதான். சபியா உம்மா மூடவில்லை. பாயைப் பிடித்தபடி வாய்க்கால் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேத்தல வை மகள்" என்றாள். "வாப்பா வந்திருவார்."

றுகையா அப்படியே நின்றாள். தாயின் முதுகைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் கேத்தலை வைத்தாள். குதிரை சட்டியில் பாதியைக் குடித்தது. பிறகு மீதியையும் குடித்து, வெறும் சட்டியை மூக்கால் தள்ளியது. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. வாய்க்கால் கரையால் யாரும் வரவில்லை.

சபியா உம்மா பாயை இழுத்துக் கடப்பை மறைத்தாள். நாலு மூலையையும் தும்புக்கயிற்றால் கட்டினாள். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அங்கேயே, வேலியோடு ஒட்டி, மண்ணில் உட்கார்ந்தாள். அவர் மௌத்தான பிறகு அவள் அழுதது அப்போதுதான்.