சைடு டிஷ் வரதன்

மேரி கல்யாணத்துக்கு முன்பு போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. அவள் அப்பா குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தவர். 1993-ல் மாதா கோயிலில் வரதன் சத்தியம் செய்தான். பதினான்கு வருஷமாக அதைக் காப்பாற்றி வந்தான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் கம்பெனிப் பரிசோதனையில் ஸ்கேன் எடுத்து, ஈரலில் கொழுப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

"குடிக்காதவனுக்கு ஈரல் எப்பிடிய்யா கெடும்?" என்று கேட்ட மேரி, அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டில் சோறு மட்டும் வந்தது.

வரதனுக்குப் பழைய சனிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. சிங்கப்பெருமாள் கோயில் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் கூட்டாளிகளோடு நாலு பைக் கிளம்பும். மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்பில் மணலில் வட்டமாக உட்காருவார்கள். அவர்களுக்குப் பாட்டில், வரதனுக்குக் கூல்டிரிங்க்ஸ். இறால் வறுவல், ஆம்லெட், மிக்சர் எல்லாம் பேச்சோடு பேச்சாக அவன் பக்கம் வந்து காலியாகும். "சைடு டிஷ்" என்றே பெயர் வைத்தார்கள். உப்புக்காற்றும் அந்தச் சிரிப்பும் இப்போதும் நெஞ்சில் இனித்தன.

நாலாம் நாள் மேரியையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனான்.

"குடிச்சாலும் வரும், குடிக்காமலும் வரும்" என்றார் அவர். "ஈரல்ல கொழுப்பு சேந்தா அது இன்சுலின் சொல்றதக் கேக்காது. பட்டினியா இருந்தாலும் ரத்தத்துல சர்க்கரையக் கொட்டிக்கிட்டே இருக்கும். கம்பெனிலயும் இங்கயும் ரெண்டு தடவ பாத்தாச்சு, வெறும் வயித்துல நூத்தி நாப்பத்தெட்டு. சர்க்கரை வியாதி ஆரம்பிச்சிருச்சு. எடையக் கொறச்சா ரெண்டுமே எறங்கும்."

வெளியே வந்ததும் மேரி அவன் செல்போனைப் பிடுங்கிப் பழைய கூட்டாளி சீனுவை அழைத்தாள்.

"சீனு, உண்மையச் சொல்லு. இவுரு உங்களோட குடிச்சிகினு இருந்தாரா?"

"அவனா? ஒரு நாளாச்சும் குடிச்சிருந்தா எங்களுக்கு ஒரு முட்டையாச்சும் மிஞ்சிருக்கும் அண்ணி. மொத்தத்தையும் தின்னுட்டு எங்கள ஒவ்வொருத்தரா வூட்ல எறக்கி வுடுவான்."

மேரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பேசாத நாலு நாளும் அந்தச் சிரிப்பில் கரைந்தன.

சாயங்காலம் இருவரும் கடற்கரையில் நடந்தார்கள். மீன் வறுக்கிற வாசனை வந்த இடத்தில் வரதனின் நடை தளர்ந்தது.

"மோந்துக்கோ, வேணான்னு சொல்லல" என்றாள் மேரி, அவன் கையைப் பிடித்து இழுத்தபடி. "கால மட்டும் நிறுத்தாத."