குரலை நம்பியவள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரே மாதிரிக் காணொளிகளைத்தான் திரும்பத் திரும்பப் போடுவோம். முகம் சிரிக்கும், குரல் அழும். "இவருக்குச் சந்தோஷமா, வருத்தமா?" என்று கேட்போம். நெதர்லாந்திலிருந்து வரும் மாணவர்கள் பெரும்பாலும் முகத்தைப் பார்த்துச் சந்தோஷம் என்பார்கள். எங்கள் ஜப்பான்காரர்கள் குரலைப் பிடித்துக்கொண்டு வருத்தம் என்பார்கள். செண்டாய் நகரில் பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

"கசுயோ-சான், உங்க காதுக்குத் தனியா ஒரு சம்பளம் போடணும்" என்று பேராசிரியர் நீமுரா கிண்டல் செய்வார். எனக்கும் அந்தத் திமிர் உண்டு. என் கணவர் தெத்சுஜி வாசலில் "வந்துட்டேன்" என்று சொல்வதை வைத்தே அன்றைய பொழுது அவருக்கு எப்படிப் போனது என்று சொல்லிவிடுவேன். மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சொல்லும்வரை காத்திருந்தால் அது பெண்டாட்டிக்குத்தான் அவமானம்.

போன வசந்தத்தில் புற்றுநோய் என்று அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு சின்னக் கருவியை அழுத்தித்தான் பேசுகிறார். கோபமோ கொஞ்சலோ, எல்லாம் வண்டு ரீங்கரிப்பதுபோல ஒரே சுருதியில் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை மிசோ சூப்பைப் பாதியில் வைத்துவிட்டுக் கருவியை எடுத்தார்.

"இன்னைக்கு ஆஸ்பத்திரியில ஸ்கேன் ரிசல்ட் சொல்றாங்க. நீயும் வர்றியா? தனியா போக பயமா இருக்கு."

குரலில் பயமே இல்லை. சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன்.

"நீங்க என்ன சின்னப் பிள்ளையா? இன்னைக்குப் பன்னிரண்டு பேர் ஆய்வுக்கு வர்றாங்க" என்று பையை மாட்டிக்கொண்டேன்.

"சரி" என்றார்.

சாயங்காலம் நான் திரும்பியபோது ஆப்பிள் உரித்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப வந்துடுச்சாம். நுரையீரல்ல. அஞ்சு மாசம்னாரு டாக்டர். குனிஞ்சு நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்."

"கூட வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னேன்."

பாவி நான். முப்பது வருஷத்தில் அந்த மனிதர் தன் பயத்தை வார்த்தையாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதையும் காதால் எடைபோட்டுத் தள்ளிவிட்டேன்.

கத்தியை வாங்கி ஓரமாக வைத்தேன்.

"இப்பவும் பயமா இருக்கா?"

"இருக்கு" என்றார், அதே சுருதியில்.

"எனக்கும்தாங்க" என்று வாயைத் திறந்து சொன்னேன்.