தடித்த கம்பி

கடைக்காரர் இரண்டு பாக்கெட்டுகளைக் கண்ணாடி மேசைமேல் வைத்து "எது வேணும்?" என்றபோது சாமுவேல் தன் இடது கை விரல்களைத்தான் பார்த்தான். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். பேஸ் கித்தார் கம்பிமேல் அவை நகரும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தத்தை ஒழிக்கத்தான் காவாந்தண்டலத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து சென்னைக்கு வந்திருந்தான்.

மெல்லிசைக் குழு நடத்தும் சுகுமார் மாஸ்டர் போன வாரம் கூப்பிட்டுச் சொன்னார். "பொங்கலுக்கு டிவிக்காரங்க வராங்கடா. எல்லாம் பழைய பாட்டு. கீச்சு கீச்சுன்னு சத்தம் வராத ஸ்டிரிங்கா பாத்து வாங்கிக்கினு வா. உன்ன வுட்டா வேற எவனுக்குத் தெரியும்?"

பதினெட்டு வருஷத்தில் தன் வாசிப்பைப் பற்றி மாஸ்டர் சொன்ன முதல் குறை என்று சாமுவேல் எடுத்துக்கொண்டான். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் டிவியாச்சே! இத்தனை வருஷமும் டிரம்ஸுக்குப் பின்னால், விளக்கு எட்டாத மூலையில் நின்றே வாசித்தவன். இந்த முறை எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து, பெயரும் போடுவார்களாம். அவன் மனைவி செவ்வந்தி இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"ரெண்டும் ஃப்ளாட்வவுண்ட்தான். மேல சுத்தியிருக்கறது தட்டைக் கம்பி. விரல் வழுக்கிட்டுப் போகும், சத்தமே வராது" என்றார் கடைக்காரர். "இது மெல்லிசு. புதுசா கத்துக்கறவங்க கேப்பாங்க. இது தடி. நாதம் ஆழமா வரும். ஆனா அழுத்தறதுக்குக் கையில தெம்பு வேணும் சார்."

சாமுவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெம்பா? இந்தக் கைக்கா?

"தடிச்சதே குடுங்க."

கித்தார் மாஸ்டருடையதுதான். ஆனாலும் அது சாமுவேலின் வீட்டில்தான் கிடந்தது. துடைப்பதும் பார்ப்பதும் அவன்தான். முனையில் சிவப்பு நூல் சுற்றிய புதுக் கம்பிகளை மாட்டினான். தட்டைக் கம்பி முதல் நாளே அடங்காது. வாசிக்க வாசிக்கத்தான் அதன் பளபளப்பு குறைந்து நாதம் கனக்கும். இரண்டு வாரம், வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும் கித்தாரோடு உட்கார்ந்தான். ஒத்திகைக்கு மாஸ்டர் கூப்பிடவே இல்லை. பதினெட்டு வருஷமாக வாசிக்கிற பாட்டு, நமக்கெதற்கு ஒத்திகை என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"இன்னாய்யா இது, நெஞ்சுக்குள்ள வந்து குந்திக்கினு பாடுது!" என்றாள் செவ்வந்தி. அன்றைக்கு அவனுக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

திருப்புலிவனத்தில் மேடை. மாலை நாலு மணிக்கு, செவ்வந்தி பெட்டி போட்டுக் கொடுத்த நீலச் சட்டையில் கித்தாரோடு போய்ச் சேர்ந்தான் சாமுவேல். அவளும் கூடவே வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மேடையில் மாஸ்டர் உறையைப் பிரித்து, கித்தாரை எடுத்து, நேராகத் தன் மகன் அரவிந்தன் தோளில் மாட்டினார். சென்னையில் வேலை பார்க்கிற பிள்ளை. மூன்று மாதமாக ஓர் இரவல் கித்தாரில், போனில் பார்த்துக் கற்றுக்கொண்டானாம்.

அரவிந்தன் கம்பியை அழுத்தினான். முகம் சுருங்கியது. "அப்பா, ரொம்ப டைட்டா கீதுப்பா. வெரலு நோவுது."

"இன்னாடா சாமுவேலு, இவ்ளோ தடியா வாங்கியாந்துகிற? புள்ள கை தாங்க வாணாமா?"

"எந்தப் புள்ள கை மாஸ்டர்?"

"இவன் வாசிச்சா கீச்சு கீச்சுன்னு கேக்குதுன்னுதானே உன்ன வாங்கச் சொன்னேன். பின்ன இன்னா, உனுக்குன்னா நெனச்சுக்கின?" மாஸ்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல்கூட இல்லை. "நீயும் இருடா. ஒயரு, மைக்கு பாத்துக்க ஆளு வேணும். சோறு கீறு எல்லாம் உண்டு."

அட பாவி மனுஷா! முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மெல்லிசுக் கம்பியையே வாங்கி வந்து தொலைத்திருப்பானே. இரண்டு வாரம் உட்கார்ந்து யாருக்காகப் பழக்கினான்?

அரவிந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வரி வாசித்துப் பார்த்தான். விரல் தடுமாறி இழுபட்டது. கீச்சென்ற சத்தம் மட்டும் எங்கேயும் இல்லை. சாமுவேல் பொறுக்கிய கம்பி அந்தத் தடுமாற்றம் அத்தனையையும் மூடிக் கொடுத்தது. "சூப்பர்ரா!" என்று மாஸ்டர் கைதட்டினார்.

பிறகு அரவிந்தன் சாமுவேல் பக்கத்தில் வந்து குந்தினான். பையிலிருந்து வட்ட வட்டமான கலர் ஸ்டிக்கர்களை எடுத்தான். "சாமுவேல்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு எடமெல்லாம் இன்னும் கொயப்பமா கீது. லைட்டு போட்டா பதறிடுவேன். எங்கெங்க வெரல் வெக்கணும்னு ஒட்டிக் குடுங்கண்ணா."

கித்தாரை மடியில் வாங்கிக்கொண்டான் சாமுவேல். கழுத்தின் உலோகக் கோடுகளுக்கு நடுவே ஒவ்வொரு கட்டமாக ஒட்டினான். மூன்றாவதில் ஒன்று, ஏழாவதில் ஒன்று. கடைசி ஸ்டிக்கர் ஐந்தாவது கட்டத்துக்கு. பாட்டு சுற்றிச் சுற்றி வந்து நிற்கிற இடம் அது. ஆறாவதில் ஒட்டினாலும் பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. விளக்குப் போட்டு, கேமரா ஓடி, அரவிந்தன் நம்பி அழுத்தும்போது மட்டும் தெரியும். இந்தக் கம்பியில் அந்த அபசுரம் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கும்.

"சீக்கிரம் ஒட்டுடா, நேரம் ஆவுது" என்றார் மாஸ்டர்.

சிவப்பு ஸ்டிக்கர் விரல் நுனியில் ஒட்டியிருக்க, சாமுவேலின் கை இரண்டு கட்டங்களுக்கும் நடுவிலிருந்த கோட்டின்மேல் நின்றது. கீழே செவ்வந்தி எழுந்து நின்று, கித்தாரும் மடியுமாக அவனைப் போனில் படம் பிடிக்கப் பார்த்தாள். முகம் விழவில்லை போலிருக்கிறது. தலையை நிமிர்த்தச் சொல்லி, கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.