குளிர்ந்தும் அடங்காத பை

அடிபட்ட காலில் வைக்கும் குளிர்ப்பைகளைச் செய்து விற்பதுதான் அண்ணனுக்கும் தங்கைக்கும் தொழில். பையைக் கசக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் உறை உடைந்து பொடியோடு கலக்கும். பை சில்லென்று ஆகிவிடும். விற்பனை அண்ணன் பொறுப்பு. வேதியியல் படித்த தங்கைக்குப் பின்னறையில் ஒரு மேசை, ஒரு தராசு, சில வெப்பமானிகள்.

பைக்கு வழக்கமாக வாங்கும் அம்மோனியம் நைட்ரேட் உப்பு வெடிமருந்துக்கும் பயன்படும் என்பதால் கெடுபிடி கூடி, அதற்கு அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டதால், அண்ணன் புதுக் கலவை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்: சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலப் பொடியும். அண்ணி விளையாட்டு மைதானத்தில் பிசியோதெரபிஸ்ட். அடுத்த பந்தயத்துக்கு ஒரு பெட்டி தருவதாக அந்த மைதானத்தில் அண்ணன் வாக்கும் கொடுத்துவிட்டார்.

முதல் பை நன்றாகவே குளிர்ந்தது. ஆனால் தலையணை மாதிரி உப்பியது. ஒட்டும்போது காற்று புகுந்திருக்கும் என்றார் அண்ணன். அது காற்றில்லை, வினையில் கிளம்பும் வாயு என்றாள் தங்கை.

"சூடாகுற சமாச்சாரம்தான் வெடிக்கும்மா. இது குளிருது. குளிரக் குளிர தானா அடங்கிடும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வெப்பத்தை உறிஞ்சும் வினை, வெப்பம் குறைந்தால் நின்றுவிடாதா? வாய்ச்சண்டையில் இது தீராது என்று அவள் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளிச்சூடு எட்டாதபடி தெர்மாகோல் கோப்பையில் தண்ணீர் ஊற்றி, இரண்டு பொடிகளையும் போட்டாள். அடுப்பில் வைக்கவில்லை, கிளறவும் இல்லை. நுரை தானாகவே பொங்கியது. வெப்பமானி மளமளவென்று இறங்கியது. கரைவதாலும் குளிரலாமே என்ற சந்தேகம் வந்தது. ஒவ்வொரு பொடியையும் தனித்தனியாகக் கரைத்துப் பார்த்தாள். இரண்டும் குளிர்ந்தன, ஆனால் கூட்டிப் பார்த்தாலும் அந்த அளவுக்கு இல்லை. ஆக, வினையும் வெப்பத்தைக் குடிக்கிறது.

தானாக நடப்பதற்கான காரணத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பொடிக்குள் கட்டுண்டு கிடந்தது வாயுவாகி நாலாபக்கமும் சிதறுகிறது. அறைச்சூட்டில், அப்படிச் சிதறிப் பரவும் போக்கு, வெப்பத்தை உறிஞ்சியாக வேண்டிய தடையை மிஞ்சிவிடுகிறது; அதனால்தான் குளிர்ந்துகொண்டே வினை ஓடுகிறது. விடை சரிதான். ஆனால் அண்ணனிடம் கணக்கைக் காட்டினால் கொட்டாவி விடுவார்.

அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டாள். பனிக்கட்டித் தண்ணீரில் கோப்பையை அமிழ்த்தி, பொடிகளையும் குளிரவைத்துப் போட்டாள். நுரை கொஞ்சம் மெதுவாக வந்தது. ஆனால் நிற்கவில்லை. அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்து, விற்பனைக்கு வைத்திருந்த பைகளில் ஒன்றைக் கசக்கி வாளிக்குள் போட்டுப் பலகையால் மூடினாள். மூவரும் கதவருகே ஒதுங்கி நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தியா" என்று அண்ணன் வாயைத் திறக்கவும், டமால் என்று பலகை எகிறி விழுந்தது. சுவரெல்லாம் வெள்ளைத் தெறிப்பு.

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதை ஒருத்தன் முட்டியில வச்சுக் கட்டியிருப்பேன்" என்றாள் மெதுவாக.

அண்ணன் வெளியே போய் மைதானத்துக்கு அவரே போன் செய்தார். இந்தப் பந்தயத்துக்குப் பைகள் வராது, தவறு என்னுடையது என்று அவர் சொன்னது உள்ளே வரை கேட்டது. தங்கைக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் தான் சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலையிலேயே யூரியாவை எடுத்தாள். அதுவும் வெப்பத்தை இழுத்துக்கொண்டு தானாகவே கரையும். வாயு மட்டும் வராது. சோதனைப் பைகள் தட்டையாகவே கிடந்தன. குளிர்ச்சி கொஞ்சம் மட்டுதான் என்று அண்ணன் முணுமுணுத்தார்.

"பொடியோட அளவை மாத்திப் பாக்கறேன். சரியா வர்ற வரைக்கும் ஒரு பையும் வெளியே போகாதுண்ணா."

"போகாது" என்றார் அண்ணன். பிறகு முழுக்கைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, ஈரத்துணியை எடுத்துச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தார்.