ஆயுத பூசையன்று கழுவிய குடுவை

கங்கப்பன் ஓசூரில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் மண்ணெண்ணெயில் கியர் கழுவியவன். கம்பெனி மூடியதும், அந்த ஒரே தகுதியோடு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக உதவியாளன் ஆனான். வேலை நிரந்தரமாக, கூடத்தை நடத்தும் ஹமீதுன்னிசா மேடத்தின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மேடம் எலியின் எலும்பு மஜ்ஜையை இரண்டு குடுவைகளில் வளர்த்தார். ஒன்றின் அடி வெறும் பிளாஸ்டிக். மற்றதன் அடியில், ஆறு வாரம் பொறுமையாக வளர்த்த தாங்கு செல்கள் பாய் விரித்ததுபோலப் படர்ந்திருந்தன. மஜ்ஜை செல்கள் அந்தப் பாயைப் பற்றிக்கொள்கின்றனவா, சும்மா மேலே கிடக்கின்றனவா? கழுவினால் தெரிந்துவிடும். எல்லாமே போய்விட்டால்? அந்தப் பயத்தில் மேடம் வாரம் ஒருமுறை பாதித் திரவத்தை மட்டும் மாற்றிவந்தார்.

அந்தப் பாதிதான் கங்கப்பனை உறுத்தியது. 1991 ஆயுத பூசையன்று மேடம் வருவதற்குள், அவரைப் போலவே ஸ்பிரிட்டில் கையைத் துடைத்து, இரண்டு குடுவைகளிலும் முழுத் திரவத்தையும் கொட்டிப் புதிது ஊற்றினான். மூடிமேல் சந்தனம், குங்குமம்.

"கங்கப்பன், என்ன இது?"

"பூசைங்க மேடம். அழுக்குத் தண்ணியோட எப்படிங்க சாமி கும்புடறது?"

"அந்தத் தண்ணி எங்க?"

"சிங்க்குல ஊத்திட்டனுங்க."

மேடம் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தன் வேலையும் அதே சிங்க் ஓட்டையில் இறங்கியது கங்கப்பனுக்குப் புரிந்தது.

மேடம் எழுந்து, முதலில் வெறும் பிளாஸ்டிக் குடுவையை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நாலைந்து செல்கள், மற்றபடி வெறிச்சோடிக் கிடந்தது. அடுத்து, பாய் படர்ந்த குடுவையை வைத்தார். வெகுநேரம் தலை நிமிரவே இல்லை.

"வந்து பாருங்க."

பாயோடு பாயாக, கல் பதித்த தரைபோல, உருண்டை உருண்டையாகச் செல்கள்.

"ஐயோ, இதுங்க போவலீங்களே!"

"போகலை. பிடிச்சிட்டிருக்கு." மேடம் நோட்டைத் திறந்தார். "எப்படிக் கழுவுனீங்க?"

"திருஷ்டி சுத்தற மாதிரிங்க. வலம் மூணு, இடம் மூணு. அப்புறம் கவுத்துட்டன்."

பேனா காற்றில் நின்றது. "என்ன வேகம்?"

"பூசணிக்கா சுத்தற வேகந்தாங்க."

மேடம் கண்ணை மூடித் திறந்து, எழுதினார். "ஒரு குடுவைய எவனும் நம்ப மாட்டான். முதல்லேருந்து வளர்த்து இதே மாதிரி பத்துல செய்யணும். அந்த வேகம் எனக்கு வராது. ஃபாரத்தைக் கொண்டாங்க."

கையெழுத்து விழுந்தது.

அந்த வேகம் கையைவிட்டுப் போய்விடுமோ என்று, அன்று பூசைப் பொரி கொடுத்தபோதுகூடக் கங்கப்பன் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.